சில்வர் பிளஃப்பின் கணக்குப் புத்தகம்: ஓர் அமெரிக்க அடிமை உடைமையாளரைப் புரிந்துகொள்ள

அமெரிக்காவின் பழைய தெற்கு மாநிலங்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது நாம் சட்டென்று எடுத்துக்கொள்ளும் சொல் 'பண்ணையார்'. அந்தச் சொல்லைக் கேட்டதும் நமக்கு என்ன தோன்றுகிறது? ஏராளமான நிலம், பெரிய வீடு, கைகட்டி நிற்கும் வேலையாட்கள். நிலம் இருப்பதால் பணக்காரர், பணக்காரர் என்பதால் அதிகாரம். இந்தப் படத்தை அப்படியே தென் கரோலினாவுக்குக் கொண்டுபோனால் எல்லாமே தப்பாகப் புரியும். 'அவரும் ஒரு விவசாயிதானே', 'சிலர் அடிமைகளை நல்லபடியாகத்தான் வைத்திருந்தார்களாம்', 'கூலி கொடுக்காததுதான் வித்தியாசம்' என்று பேச்சு எங்கெங்கோ போய்விடுகிறது.

அதனால் ஒரே ஒரு மனிதரை எடுத்துக்கொண்டு, அவர் வாழ்க்கை எப்படி ஓடியது, பணம் எங்கிருந்து வந்தது என்று மெதுவாகப் பார்ப்போம். அவர் பெயர் ஜேம்ஸ் ஹென்றி ஹாமண்ட். 1807இல் பிறந்து 1864இல் இறந்தவர். தென் கரோலினாவின் ஆளுநராகவும் அமெரிக்க செனட் உறுப்பினராகவும் இருந்தவர். தன் பண்ணையைப் பற்றி விடாமல் எழுதிவைத்தவர். அவர் எழுதிவைத்த தாள்களே அவருக்கு எதிரான சாட்சியாக நிற்கின்றன.

பரம்பரைப் பணக்காரர் இல்லை

ஹாமண்டின் அப்பா மசாசூசெட்ஸிலிருந்து தெற்கே பிழைக்க வந்த பள்ளி ஆசிரியர். பெரிய சொத்து எதுவும் கிடையாது. மகனை எப்படியாவது மேலே கொண்டுவர வேண்டும் என்ற வெறி மட்டும் இருந்தது. மகன் தென் கரோலினா கல்லூரியில் படித்து 1825இல் பட்டம் வாங்கினார். வழக்கறிஞர் ஆனார், ஒரு அரசியல் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தார். ஆனால் அந்த ஊரில் வக்கீலுக்கும் பத்திரிகைக்காரருக்கும் ஓரளவுக்கு மேல் மரியாதை இல்லை. பண்ணை வைத்திருப்பவர்தான் பெரிய மனிதர்.

1831இல் கேதரின் ஃபிட்ஸ்சிமன்ஸ் என்ற பதின்வயதுப் பெண்ணை மணந்தார். சார்ல்ஸ்டன் நகரத்துப் பணக்கார வணிகர் ஒருவரின் மகள், அப்பா இறந்துபோனவர். பெண்ணின் குடும்பத்துக்கு இந்தத் திருமணத்தில் விருப்பமில்லை. சொத்துக்காக வருகிறார் என்று சந்தேகப்பட்டார்கள், சந்தேகப்பட்டதில் தப்பும் இல்லை. மனைவி கொண்டுவரும் சொத்து கணவன் கைக்குப் போய்விடும் என்பதுதான் அன்றைய சட்டம். அப்படி ஹாமண்டின் கைக்கு வந்ததுதான் சவானா ஆற்றங்கரையில் இருந்த சில்வர் பிளஃப் பண்ணை. ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம். அதோடு 147 மனிதர்கள்.

இருபத்து நான்கு வயது. ஒரு நாள்கூட ஏர் பிடித்ததில்லை. கல்யாணமாகி சில மாதங்களில் அந்த வட்டாரத்தின் பெரிய பண்ணைகளில் ஒன்றுக்கு எசமான் ஆகிவிட்டார்.

சொத்து என்றால் எது?

இந்த இடத்தில்தான் நம் பண்ணையார் படம் உடைகிறது.

ஒரு பஸ் முதலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் ஓரத்தில் பெரிய ஷெட் போட்டிருக்கிறார். அவருடைய சொத்து எது? ஷெட்டா, பஸ்களா? பஸ்கள்தான். ஒரு வழித்தடத்தில் கூட்டம் குறைந்தால் வேறு தடத்துக்கு ஓட்டிக்கொண்டு போகலாம். பஸ்ஸின் பேரில் கடன் வாங்கலாம். அவசரத்துக்கு ஒன்றை விற்றுவிடலாம். மனிதர்களைப் பஸ்ஸோடு ஒப்பிட மனம் கூசுகிறது. ஆனால் தென் மாநிலங்களின் சட்டம் கூச்சமில்லாமல் அதைத்தான் செய்தது.

இதற்குப் பெயர் உடைமை அடிமைமுறை: ஒரு மனிதரைச் சட்டப்படி இன்னொருவரின் அசையும் சொத்தாக வைப்பது. கடனுக்காக நிலத்தோடு கட்டுண்டு கிடப்பவர் நிலை கொடுமையானது, ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் மனிதர். உடைமை அடிமைமுறையில் அவர் ஒரு பொருள். அவரை விற்கலாம், வாடகைக்கு விடலாம், அடகு வைக்கலாம், உயிலில் எழுதிவைக்கலாம், மகளுக்குச் சீதனமாக அனுப்பலாம். அவருக்குச் சொத்துரிமை இல்லை. அவருடைய திருமணம் சட்டப்படி செல்லாது. பிள்ளைகள் மேல் உரிமை இல்லை. தென் கரோலினாவில் 1834ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்குப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதும் குற்றம்.

நிலமோ மலிவு. பருத்தி மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும். சில வருடம் பயிரிட்டு, நிலம் செத்ததும் ஆட்களை ஓட்டிக்கொண்டு மேற்கே அலபாமா, மிசிசிப்பி என்று போனவர்கள் ஏராளம். நிலத்தைத்தான் விட்டுவிட்டுப் போனார்கள். 1850களில் ஒரு ஏக்கர் சில டாலர்களுக்குக் கிடைத்த இடங்களிலேயே திடமான ஓர் இளைஞரின் விலை ஆயிரம் டாலரைத் தாண்டியது. 1860இல் அமெரிக்காவில் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் சுமார் 39.5 லட்சம் பேர். அவர்களுக்குச் சந்தை போட்ட மொத்த விலை சுமார் 300 கோடி டாலர் என்று பொருளாதார வரலாற்று ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அந்த நாட்டின் ரயில் பாதைகளிலும் தொழிற்சாலைகளிலும் போட்டிருந்த முதலைவிட அது அதிகம்.

இன்னொன்றும் உண்டு. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. 1662இல் வர்ஜீனியா போட்ட சட்டம் இது, பிறகு மற்ற இடங்களும் பின்பற்றின. அப்பா யார் என்பது பொருட்டே இல்லை. 1808 முதல் வெளியிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வது தடை செய்யப்பட்டது. இருந்தும் 1810இல் 12 லட்சம்போல இருந்த எண்ணிக்கை ஐம்பதே ஆண்டில் மூன்று மடங்குக்கு மேல் ஏறியதற்குக் காரணம் அங்கே பிறந்த குழந்தைகள். பிறந்த ஒவ்வொரு குழந்தையும் எசமானின் சொத்துக் கணக்கில் ஒரு வரி.

இதுவரை பார்த்ததை ஒருமுறை சேர்த்துக்கொள்வோம். ஹாமண்டின் செல்வம் நிலத்தில் இல்லை, மனிதர்களில் இருந்தது. அவர்கள் வேலையில் ஒரு வருமானம். அவர்கள் பேரில் கடன். அவர்கள் பெற்ற பிள்ளைகளில் சொத்துப் பெருக்கம். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பணம் சுற்றும் விதம்

பருத்தி வருடத்துக்கு ஒரு தடவை பணம் தரும் பயிர். செலவோ வருடம் முழுக்க. இடைவெளியை நிரப்பியவர் 'ஃபாக்டர்'. துறைமுக நகரத்தில் உட்கார்ந்து பண்ணைக்காரருக்காகப் பருத்தியை விற்றுக்கொடுத்து, முன்பணமும் கொடுக்கும் தரகர். நம் ஊர்க் கமிஷன் மண்டிக்காரர் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அறுவடைக்கு முன்பே பணம் தருவார், அறுவடையில் கழித்துக்கொள்வார்.

கடனுக்குப் பிணை எது? பெரும்பாலும் மனிதர்கள். கடன் கழுத்தை நெரித்தாலோ, எசமான் செத்துச் சொத்தைப் பங்கு பிரித்தாலோ, பிணையாக இருந்தவர்கள் ஏலத்துக்குப் போவார்கள். கணவன் ஒரு ஊருக்கு, மனைவி இன்னொரு ஊருக்கு, குழந்தை வேறு எங்கோ. பத்து வருடம் ஒழுங்காக வேலை செய்த குடும்பமும் எசமானின் கடன் கணக்கு சரியில்லை என்றால் ஒரே நாளில் சிதறிவிடும். 'நல்ல எசமான்' என்ற பேச்சு எவ்வளவு பொருளற்றது என்பது இதிலேயே தெரிகிறது. அவர் நல்லவராகவே இருந்தாலும் அவருடைய கடன்காரர் யாரோ, வாரிசு யாரோ.

எல்லா வெள்ளையரும் இப்படி வாழ்ந்தார்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். 1860இல் தெற்கே வெள்ளையர் குடும்பங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுதான் அடிமைகளை வைத்திருந்தது. அவர்களிலும் பாதிப் பேரிடம் ஐந்து பேருக்குக் குறைவு. இருபது பேரோ அதற்கு மேலோ வைத்திருந்தவரைத்தான் வழக்கமாக 'பிளாண்டர்', அதாவது பெரும்பண்ணை உடைமையாளர் என்று கணக்கிடுகிறார்கள். ஹாமண்டிடம் கடைசியில் முந்நூறுக்கு மேல். எண்ணிக்கையில் மிகச் சிறிய கூட்டம், ஆனால் சட்டசபையும் நீதிமன்றமும் அவர்கள் கையில்.

வயலில் நடந்த இழுபறி

ஹாமண்ட் வருவதற்கு முன் சில்வர் பிளஃப்பில் வேலை 'டாஸ்க்' முறையில் நடந்தது. அதாவது ஒரு நாளைக்கு இவ்வளவு வேலை என்று அளந்துவிடுவது. அந்த அளவை முடித்துவிட்டால் மிச்ச நேரம் வேலை செய்தவருடையது. தன் தோட்டத்தில் காய்கறி போடலாம், மீன் பிடிக்கலாம், பிள்ளைகளோடு இருக்கலாம். அடிமை வாழ்க்கையில் அந்தச் சில மணி நேரம் எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள்.

புது எசமானுக்கு அது பிடிக்கவில்லை. அவர் கொண்டுவர நினைத்தது 'கேங்' முறை: எல்லாரும் வரிசையாக நின்று, ஒருவர் விரட்ட, சூரியன் உதித்ததிலிருந்து மறையும்வரை ஒரே வேகத்தில் வேலை. விரட்டுபவர் இரண்டு வகை. சம்பளத்துக்கு வைத்த வெள்ளையர் 'ஓவர்சியர்'. அடிமைகளில் ஒருவரையே தேர்ந்தெடுத்து மற்றவர்கள் மேல் வைத்தால் அவர் 'டிரைவர்'.

மக்கள் எதிர்த்தார்கள். கொடி பிடித்து இல்லை, அப்படிச் செய்தால் உயிர் போகும். வேலையை மெதுவாகச் செய்வது, அரைகுறையாகச் செய்வது, கருவிகள் உடைந்துபோவது, உடம்பு சரியில்லை என்று படுப்பது. சாட்டை இருந்தும் ஹாமண்டால் நினைத்ததை முழுக்கச் சாதிக்க முடியவில்லை. பல வருட இழுபறிக்குப் பிறகு டாஸ்க் முறைக்கு இடம்கொடுத்து இறங்கிவரத்தான் வேண்டியிருந்தது. காட்டுக்குள் ஓடியவர்களும் உண்டு. இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தப்பியோடும் முயற்சிகள் அவருடைய குறிப்புகளிலேயே பதிவாகியிருக்கின்றன. எங்கே ஓடுவது? அடிமைமுறை இல்லாத வட மாநிலம் பல நூறு மைல் தூரம். பெரும்பாலும் சதுப்புக்காட்டில் ஒளிந்திருந்து, பசியிலும் குடும்ப நினைப்பிலும் திரும்பி வந்தார்கள், அல்லது பிடிபட்டார்கள்.

வழிபாட்டிலும் இதே கதைதான். சில்வர் பிளஃப் சாதாரண இடம் இல்லை. ஹாமண்ட் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1770களில், அங்கே கறுப்பின மக்கள் தங்களுக்கென்று ஒரு பாப்டிஸ்ட் சபையை அமைத்திருந்தார்கள். அமெரிக்காவின் மிகப் பழைய கறுப்பினத் திருச்சபைகளில் ஒன்று அது. அதன் ஆரம்பகாலப் போதகர் டேவிட் ஜார்ஜ் அமெரிக்கப் புரட்சிப்போர்க் காலத்தில் அங்கிருந்து வெளியேறி, இன்றைய கனடாவில் உள்ள நோவா ஸ்கோஷியா போய், பிறகு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் வரை சென்று சபை கட்டியவர். அப்படிப்பட்ட மரபுள்ள ஊரில், கறுப்பினத்தவர் தாங்களே நடத்திய வழிபாட்டை ஹாமண்ட் நிறுத்தினார். வெள்ளைப் போதகரைக் கூட்டிவந்து, பணிந்து நடக்கச் சொல்லும் போதனையை வைத்தார். மக்கள் ஒளிந்து கூடித் தங்கள் பாட்டைப் பாடிக்கொண்டார்கள். எனக்கு இந்தப் பண்ணையின் கதையில் மிகவும் பெரிதாகத் தெரிவது இதுதான். எல்லாவற்றுக்கும் விலை போட்டுவிட்ட இடத்தில் விலை போட முடியாத ஒன்றை அவர்கள் காப்பாற்றி வைத்திருந்தார்கள்.

பாலூட்டும் தாய்க்கு 45 நிமிடம்

'அவர்களுக்குச் சாப்பாடு, துணி, மருத்துவம் எல்லாம் கொடுத்தார்களே' என்பது அடிக்கடி கேட்கும் வாதம். சரி, கொடுத்ததை ஹாமண்டின் கையெழுத்திலேயே பார்க்கலாம். 1850களில் ஓவர்சியர்களுக்காக அவர் ஒரு பண்ணைக் கையேடு எழுதிவைத்தார். வேலை செய்பவருக்கு வாரம் ஒரு பெக் சோள மாவு, அதாவது சுமார் ஒன்பது லிட்டர். மூன்று ராத்தல் பன்றி இறைச்சி. வருடத்துக்கு ஒரு ஜோடி செருப்பு. மூன்று வருடத்துக்கு ஒரு கம்பளி.

அதில் பாலூட்டும் தாய்மாருக்கென்று தனி விதிகள் இருக்கின்றன. சூரிய உதயம்வரை அவர்கள் வீட்டை விட்டுப் புறப்பட வேண்டியதில்லை. வயலுக்குப் போகும் வழியில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதற்கென்று இருந்த 'பிள்ளைகள் வீட்டில்' குழந்தையை விட்டுவிட வேண்டும். அவர்களுக்குத் தரும் வேலை குடியிருப்பிலிருந்து அரை மைலுக்குள் இருக்க வேண்டும். குழந்தைக்கு எட்டு மாதம் ஆகும்வரை நாளுக்கு மூன்று தடவை வந்து பால் கொடுக்கலாம். ஒவ்வொரு தடவைக்கும் 45 நிமிடம். கோடைக்காலத்தில் வந்தவுடன் பால் கொடுக்கக் கூடாது, குறைந்தது 15 நிமிடம் உட்கார்ந்து உடம்பு ஆறிய பிறகுதான் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் பால்குடி நிறுத்தம்.

மேலோட்டமாகப் படித்தால் கரிசனம் மாதிரி இருக்கிறது. இன்னொரு தடவை படியுங்கள். வெயிலில் வெந்து ஓடி வந்த ஒரு பெண், அழும் குழந்தை எதிரே கிடக்க, எசமான் சொன்ன 15 நிமிடம் முடிவதற்காகக் காத்திருக்கிறாள். தன் பிள்ளைக்கு எப்போது பால் கொடுப்பது என்பதுகூட அவள் முடிவில்லை. அந்தக் குழந்தை அவளுடையதாக எழுதப்படவில்லை. அது ஹாமண்டின் சொத்து, பத்திரமாக வளர வேண்டும், அதனால்தான் விதி. இதே கையேடுதான் சாட்டையடிக்கும் உச்சவரம்பு வைக்கிறது: ஒரு நாளில் நூறு அடிக்கு மேல் போகக் கூடாது என்று.

இத்தனை விதிகளுக்கும் நடுவே சில்வர் பிளஃப்பில் மரணம் ஓயவில்லை. 1831 முதல் 1841 வரை பத்தே ஆண்டில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் அந்தப் பண்ணையில் இறந்தார்கள். ஆற்றோரச் சதுப்பு நிலம், காய்ச்சல், ஓயாத வேலை.

வீட்டுக்குள்

சொல்லக் கசப்பாக இருந்தாலும் இதை விட்டுவிட்டுப் போனால் விளக்கம் பொய்யாகிவிடும். 1839இல் ஹாமண்ட் சாலி ஜான்சன் என்ற இளம்பெண்ணையும் அவருடைய ஒரு வயது மகள் லூயிசாவையும் 900 டாலருக்கு வாங்கினார். சாலியைத் தன் இச்சைக்கு ஆளாக்கினார். பின்னர் லூயிசா சிறுமியாக இருக்கும்போதே அவளையும். மறுக்கும் உரிமை சட்டத்தில் அவர்களுக்கு இல்லை. கேட்க நீதிமன்றமும் இல்லை.

1856இல் தன் மகன் ஹாரிக்கு எழுதிய கடிதத்தில் இந்தப் பெண்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் பற்றி ஹாமண்ட் அறிவுரை சொல்கிறார். லூயிசாவையோ தன் பிள்ளைகளையோ அந்நியருக்கு அடிமையாக விட்டுவிடாதே என்கிறார். குடும்பத்துக்குள்ளேயே அடிமையாக இருப்பதுதான் இந்த உலகில் அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய மகிழ்ச்சியான நிலை என்கிறார். தன் பிள்ளைகள் என்று தெரிந்தே எழுதுகிறார். விடுதலை கொடு என்று எழுத அவருக்குக் கை வரவில்லை. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்று மேலே சட்டமாகப் பார்த்தோமே, அது ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் இப்படித்தான் இருக்கும்.

மண்ணைத் திருத்தியவர்

விவசாயத்தில் ஹாமண்ட் சோம்பேறி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மண் செத்துப்போவது அவரை உறுத்தியது. 'மார்ல்' என்ற சுண்ணாம்புச் சத்துள்ள களிமண்ணை ஆற்றின் கீழ்ப்பகுதியிலிருந்து படகுகளில் கொண்டுவந்து வயல்களில் கொட்டினார். புளித்த மண்ணைச் சுண்ணாம்பு சரிசெய்யும் என்ற கணக்கு. சதுப்பு நிலங்களை வடித்து மக்காச்சோளம் போட்டார். இதையெல்லாம் படிக்கும்போது 'முன்னோடி விவசாயி' என்று எழுதத் தோன்றும், அப்படி எழுதியவர்களும் உண்டு. மார்லை வெட்டியதும் படகில் ஏற்றியதும் நீரோட்டத்துக்கு எதிரே இழுத்து வந்ததும் சதுப்பில் இடுப்பளவு நின்று வாய்க்கால் வெட்டியதும் அவர் இல்லை. யோசனை அவருடையது, முதுகு அவர்களுடையது.

ஏன் அரசியலில் அவ்வளவு கத்தினார்கள்?

சொத்து எது என்று புரிந்துவிட்டால் இந்தக் கேள்விக்கு விடை எளிது. அடிமைமுறை ஒழிந்தால் ஹாமண்ட் போன்றவருக்கு வேலையாட்கள் மட்டும் போகவில்லை, மொத்த முதலும் போய்விடும். தென் கரோலினாவில் 1860இல் சுமார் ஏழு லட்சம் மக்களில் நான்கு லட்சம் பேர் அடிமைகள். அந்த மாநிலத்தின் பணக்காரர்களுக்கு இது கொள்கைப் பேச்சு இல்லை, உயிர்ப் பிரச்சினை.

1835 டிசம்பரிலேயே, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் புதிதாக நுழைந்த ஹாமண்ட், அடிமை ஒழிப்புக் கோரி வரும் மனுக்களை வாங்கவே கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1858 மார்ச் 4இல் செனட்டில் பேசிய பேச்சுதான் அவரைப் பிரபலமாக்கியது. எந்தச் சமுதாயத்துக்கும் கீழ்வேலை செய்ய ஒரு வர்க்கம் வேண்டும், வீட்டைத் தாங்க மண்ணுக்குள் கிடக்கும் அடிக்கட்டை மாதிரி என்றார். 'பருத்தியே அரசன்' என்றார். மூன்று வருடம் பருத்தி கொடுக்காமல் நிறுத்தினால் இங்கிலாந்து கவிழ்ந்துவிடும், எங்களோடு போரிட எவருக்கும் துணிவு வராது என்பது அவர் கணக்கு.

கணக்கு தப்பியது. 1861இல் வடக்குக்கும் தெற்குக்கும் போர் வந்தது, அமெரிக்கப் பருத்தி நின்றது. இங்கிலாந்தின் ஆலைகள் தவித்தன, லங்காஷயர் தொழிலாளர் பட்டினி கிடந்தார்கள், ஆனால் நாடு கவிழவில்லை. இந்தியப் பருத்தியும் எகிப்துப் பருத்தியும் கப்பல் கப்பலாகப் போயின.

கடைசி நாட்கள்

அடிமைமுறை பரவுவதை எதிர்த்த லிங்கன் அதிபர் தேர்தலில் வென்றதும் 1860 நவம்பரில் ஹாமண்ட் செனட்டை விட்டு விலகினார். தெற்கு தனி நாடு என்று அறிவித்துக்கொண்ட பிறகு, அந்த அரசே போருக்காகப் பண்ணைகளிலிருந்து தானியத்தையும் அடிமைகளின் உழைப்பையும் கேட்டது. அவர் கொதித்தார். சோளம் கேட்டு வந்த ராணுவ உத்தரவைக் கிழித்து ஜன்னல் வழியே எறிந்தார். அதற்குப் பணிவது தன் நெற்றியில் 'அடிமை' என்று சூடு போட்டுக்கொள்வதற்குச் சமம் என்று எழுதினார். முந்நூறு பேரை வைத்திருந்தவருக்கு அந்தச் சொல்லின் சூடு தன் மேல் பட்டபோதுதான் உறைத்தது.

1864 நவம்பர் 13இல், பீச் ஐலண்டில் தான் கட்டிய ரெட்கிளிஃப் மாளிகையில் இறந்தார். நாம் தோற்றால் என் கல்லறை மேல் ஏர் ஓட்டிவிடுங்கள் என்று மகனிடம் சொல்லியிருந்தார். அடுத்த வசந்தத்தில் தெற்கு தோற்றது. 1865 டிசம்பரில் அமெரிக்க அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் அமலுக்கு வந்தது, அடிமைமுறை முடிந்தது. நிலம் ஒரு ஏக்கர்கூடக் குறையாமல் அங்கேயே கிடந்தது. குடும்பத்தின் பெருஞ்செல்வம் மட்டும் இல்லை.

ரெட்கிளிஃப் 1973இல் மாநில அரசின் கைக்கு வந்தது, இப்போது வரலாற்றுச் சின்னம். மாளிகையோடு சேர்த்து, அடிமைப்படுத்தப்பட்டவர்கள் குடியிருந்த மரவீடுகளும் அங்கே இன்னும் நிற்கின்றன.